இரண்டு டாக்சி தூரம்

புரட்டாசி முழுக்க ஒரு சொட்டு தொடவில்லை.
அதைத்தான் எல்லாருக்கும் சாட்சியாகக் காட்டினேன்,
முக்கியமாக எனக்கு.
ஐப்பசி முதல் நாள், காலை பத்தேகாலுக்கு,
வினிகர் பாட்டிலைத் திறந்தேன்.
அதில் வினிகர் இருந்தது ஆறு வருஷத்துக்கு முன்.

எண் கிடைத்தது கிளினிக் கழிவறைக் கதவில்.
யாரோ பாதி சுரண்டிய ஸ்டிக்கர்,
கடைசி இலக்கம் மூன்றா எட்டா தெரியவில்லை.
மூன்று அடித்தேன். டயர் கடை.
வாய் வரைக்கும் வந்துவிட்டதால் அந்த ஆளிடமே
"நிறுத்த முடியவில்லை" என்றேன்.
"பிரேக்கா?" என்றான்.

எட்டில் ஒரு பெண் எடுத்தாள்.
சாட்ஸ்வர்த்திலேயே, நடக்கிற தூரத்தில்,
செவ்வாய்தோறும் கூடுகிறார்கள் என்றாள்.
இன்னும் தூரமாக ஏதாவது, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. தாள் புரட்டும் சத்தம்.
பிளஃப். வியாழன், ஏழு மணி.
தேவாலயத்துக்குப் பின்னால் பச்சைக் கதவு.

மகனிடம் ஓவர்டைம் என்றேன்.
"சரிம்மா" என்றான், ஒரு நொடி கழித்து.
அந்த ஒரு நொடியை
இரண்டு டாக்சியிலும் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கதவு பச்சை இல்லை, நீலம்.
இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பினேன்.
கடலில் கப்பல்கள் விளக்கேற்றிக்கொண்டு
துறைமுகம் கூப்பிடட்டும் என்று நின்றிருந்தன.

உள்ளே, தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்
கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு, தேவராஜ் பத்தர்.
என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி.
கோவில் கமிட்டிப் பொருளாளர்.
வருஷா வருஷம் காவடிக்கு மைக்கைப் பிடித்து
"குடித்துவிட்டு வந்தவர்கள் தேர்ப்பக்கம் வராதீர்கள்"
என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்.
அது எனக்குத்தான் என்று
போன தைப்பூசத்தில் பந்தலுக்குப் பின்வழியாக
வீட்டுக்கு நழுவியவள் நான்.

பார்த்தார். துணி கோப்பைக்குள்ளேயே நின்றது.
"நீங்களும் இவ்வளவு தூரமா?"
பிறகு, "எத்தனை சர்க்கரை?"

ம்தோகோசிசிக்கு ஒன்பதாம் நாள்;
அவன் முழங்கால் தனியாக ஒரு தையல் மெஷின் ஓட்டியது.
இழுவைப் படகில் வேலை பார்த்த ஹென்னி
மனைவி பெயரைச் சொல்லிவிட்டு
மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தார்.
அதற்கும் நன்றி சொன்னார்கள்.

பெயர் மட்டும் போதும் என்றார்கள்.
தொழிற்சாலையில் நான் சாலி, வீட்டில் சலாட்சி.
அங்கே விசாலாட்சி என்று முழுசாக வந்தது,
பள்ளிக்கூட வருகைப் பதிவுக்குப் பிறகு முதல் தடவை.
அடுத்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னேன்,
கடையில் சில்லறை கேட்கிற மாதிரி.
கூரை இடியவில்லை.

திரும்பியது பத்தரின் பக்கியில்.
பக்கி, இங்கே முதுகு திறந்த வண்டி.
ஒரு துணைக்கால் சேர்த்தால் கொடுக்காத கடன்.
இரண்டிலும் உட்கார்ந்திருந்தேன்.

"தமிழில் சொல்லிப் பார்த்தீர்களா?" என்றார்.
குடிகா வரைக்கும் வந்தது.
அந்த 'ரி' வரவில்லை.
அவர் தன்னுடையதைச் சொன்னார், 'ன்' வரைக்கும்,
இண்டிகேட்டர் போட்டுக்கொண்டே, நிதானமாக.
நாலு வருஷம் எட்டு மாதமாம்.
மைக்கில் யாரைப் பார்த்துக் கத்துகிறார் என்று
நான் கேட்கவில்லை.

தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டேன்.
இரண்டு பேர் மானமும் முக்கியம்.
அடுத்த வியாழன் ஆறே கால், இதே இடம் என்றார்;
பெட்ரோல் விலைக்கு இரண்டு டாக்சி எதற்கு.

வீட்டில் மகன் தூங்கப் போயிருந்தான்.
மேஜையில் சாதமும் பீன்ஸ் கறியும் மூடியிருந்தன.
பக்கத்தில் வினிகர் பாட்டில்,
லேபிள் என் நாற்காலியைப் பார்த்து.
தூக்கிப் பார்த்தேன். கனம் அப்படியே.
கொட்டவில்லை அவன்.
என்னிடம் விட்டிருக்கிறான்.

சாதம் இன்னும் சூடாக இருந்தது.
முதலில் அதைச் சாப்பிட்டேன்.